பாலைவனக் கோட்டைகளுக்கு முதல் பயணம்: பிகானேர், ஜெய்சால்மர், ஜோத்பூர்

ராஜஸ்தான் போகலாம் என்று வீட்டில் பேச்செடுத்தால் ஜெய்ப்பூர், உதய்ப்பூர் என்றுதான் பெரும்பாலும் தொடங்கும். இரண்டும் நல்ல ஊர்கள்தாம். ஆனால் பாலைவனத்தை அங்கே பார்க்க முடியாது. அதற்கு ஆரவல்லி மலைத்தொடரைத் தாண்டி மேற்கே, தார் பாலைக்குள் போக வேண்டும். அங்கே பிகானேர், ஜெய்சால்மர், ஜோத்பூர் என்று மூன்று பழைய தலைநகரங்கள் இருக்கின்றன. ஊருக்கு ஒரு பெரிய கோட்டை. முதல் முறை போகிறவர்களுக்கு இந்த மூன்றும் போதும். எட்டு நாள் இருந்தால் நிதானமாகப் பார்க்கலாம்.

நான் முதல் முறை போனபோது ஒரே வாரத்தில் ஆறு ஊர்களை அடுக்கிக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்து படங்களைப் பார்த்தபோது எந்தக் கண்ணாடி மாளிகை எந்தக் கோட்டையைச் சேர்ந்தது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டாம் முறை ஊர்களைக் குறைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வியோடு போனேன்: இத்தனை ஆயிரம் பேர், யானை, குதிரை, ஒட்டகம் எல்லாம் இந்த வறண்ட மண்ணில் வாழ்ந்தார்களே, தண்ணீர் எங்கிருந்து வந்தது? அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால் மூன்று கோட்டைகளும் மூன்று வெவ்வேறு பதில் சொல்கின்றன. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

முதல் படி: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

அக்டோபர் கடைசி முதல் மார்ச் நடுப்பகுதி வரை போகலாம். என் தேர்வு பிப்ரவரி. பகலில் இதமான வெயில், இரவில் ஒரு கம்பளி போதும், கூட்டமும் குறைந்திருக்கும். டிசம்பர் கடைசி வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அறை வாடகை ஏறிவிடும், கோட்டை வாசலிலேயே வரிசை நிற்கும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும். நம் ஊர் மார்கழிக்குப் பழகிய உடம்பு அதைத் தாங்காது. மே, ஜூனில் 45 டிகிரியைத் தாண்டும். பள்ளி விடுமுறை அப்போதுதான் கிடைக்கிறது என்பதற்காகக் குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு போக வேண்டாம்.

இரண்டாம் படி: வரிசையை முடிவு செய்யுங்கள்

பிகானேரில் தொடங்கி, ஜெய்சால்மர் போய், ஜோத்பூரில் முடியுங்கள். பெரும்பாலோர் இதற்கு நேர்மாறாகப் போகிறார்கள். ஜோத்பூரின் மெஹரான்கர் கோட்டையை முதலில் பார்த்துவிட்டால் மற்றவை கண்ணில் நிற்காது. பிகானேர்க் கோட்டை சமதளத்தில் இருக்கிறது; மூச்சு வாங்க ஏற வேண்டியதில்லை. அகழி, வாயில், அந்தப்புரம், தர்பார் என்று ஒரு கோட்டையின் உறுப்புகளை நிதானமாகக் கற்றுக்கொள்ள ஏற்ற இடம் அதுதான்.

பிகானேரிலிருந்து ஜெய்சால்மர் ஏறக்குறைய 330 கிலோமீட்டர், ஜெய்சால்மரிலிருந்து ஜோத்பூர் ஏறக்குறைய 285 கிலோமீட்டர். இரண்டுக்கும் சாலை நன்றாக இருக்கிறது, ரயிலும் உண்டு. காரில் போனால் ஒவ்வொன்றுக்கும் அரை நாளுக்கு மேல் ஒதுக்குங்கள். ஜெய்சால்மர்-ஜோத்பூர் சாலையில் பொக்ரான் வரும். 1974-லும் 1998-லும் அணுகுண்டுச் சோதனை நடந்தது இந்த வட்டாரத்துப் பாலையில்தான். இரண்டாவது சோதனையில் அப்துல் கலாமின் பங்கு நமக்குத் தெரிந்ததே. சோதனை நடந்த இடத்துக்குப் போக அனுமதி கிடையாது. ஊருக்குள் இருக்கும் சிறிய செங்கல்நிறக் கோட்டையைப் பார்த்துவிட்டு ஒரு தேநீர் குடித்துக் கிளம்பலாம்.

பிகானேரில் இரண்டு நாள், ஜெய்சால்மரில் இரண்டு நாள், ஜோத்பூரில் இரண்டரை நாள், மீதி பயணத்துக்கு என்று கணக்கு வையுங்கள்.

மூன்றாம் படி: போய்ச் சேருங்கள்

மதுரையிலிருந்து பிகானேருக்கு நேரடி ரயில் இருக்கிறது. சென்னையிலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் ஜோத்பூருக்கு நேரடி ரயில்கள் இருக்கின்றன. பயணச்சீட்டில் 'பகத் கி கோத்தி' என்று போட்டிருந்தால் குழம்ப வேண்டாம். அது ஜோத்பூர் நகரத்திலேயே இருக்கும் இன்னொரு நிலையம். பல ரயில்கள் வாரத்தில் ஒரு நாள்தான் ஓடுகின்றன. அதனால் ரயில் நாளை முதலில் முடிவு செய்துவிட்டு மற்ற தேதிகளை அதைச் சுற்றி அமையுங்கள். இரண்டு இரவுக்குக் குறையாத பயணம். ஆனால் ஜன்னலுக்கு வெளியே கரும்பும் நெல்லும் மறைந்து, கம்பும் முள்மரமும் வருவதைப் பார்த்துக்கொண்டே போவதும் இந்தப் பயணத்தின் ஒரு பகுதிதான். விமானம் என்றால் ஜோத்பூருக்கு டெல்லி அல்லது மும்பை வழியாக மாறிப் போவது எளிது.

உள்ளூரில் இந்தி போதும். வீட்டில் பேசுவது மார்வாடி. பார்த்தவுடன் 'கம்மா கணி' என்று வணக்கம் சொல்லிப் பாருங்கள். கூட ஒரு 'சா' சேர்த்தால் மரியாதை. முகம் மலர்ந்துவிடும். பேரம் பேசும்போதுகூட அந்த 'சா' உதவும்.

நான்காம் படி: சில சொற்களைத் தெரிந்துகொண்டு உள்ளே நுழையுங்கள்

'போல்' என்றால் கோட்டை வாயில். சூரஜ் போல், ஜெய் போல், லோஹா போல் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. 'மர்தானா' ஆண்கள் புழங்கிய பகுதி, 'ஜனானா' அந்தப்புரம். சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மாடச் சாளரம் 'ஜரோக்கா'. கல்லை வலைபோலத் துளைத்துச் செய்த பலகணி 'ஜாலி'. உள்ளிருப்பவர் வெளியே பார்க்கலாம், வெளியிலிருப்பவருக்கு உள்ளே தெரியாது. அந்தச் சிறு துளைகள் வழியே வரும் காற்று வேகமெடுத்துக் குளிர்ச்சியாக வீசும். ஜூன் மாதத்தை மனதில் வைத்துச் செதுக்கிய வேலைப்பாடு அது. 'ஹவேலி' வணிகர் மாளிகை. அரச குடும்பத்தாரை எரித்த இடத்தில் குடைபோல எழுப்பிய நினைவு மண்டபம் 'சத்ரி'. படிக்கிணற்றுக்கு 'பாவ்டி', 'ஜால்ரா' என்று பெயர்கள். 'சர்' என்று முடியும் பெயரைக் கேட்டால் அங்கே ஒரு நீர்நிலை இருக்கிறது அல்லது இருந்தது என்று அர்த்தம். பாலைவனத்தில் எத்தனை ஊர்ப் பெயர்கள் 'சர்' என்று முடிகின்றன என்று வழியெல்லாம் எண்ணிக்கொண்டு வாருங்கள்.

ஐந்தாம் படி: பிகானேர், ஜுனாகர்

ஜோத்பூரை நிறுவிய ராவ் ஜோதாவின் மகன் பிகா தந்தையின் ஊரைவிட்டு வடக்கே வந்து 1488-ல் நிறுவிய ஊர் பிகானேர். இப்போது நாம் பார்க்கும் கோட்டை அதற்கு நூறு வருடம் பிந்தியது. அக்பரின் படையில் தளபதியாக இருந்த ராஜா ராய் சிங் 1589-ல் தொடங்கி 1594-ல் முடித்தார். ராஜஸ்தானின் பெரிய கோட்டைகள் பெரும்பாலும் குன்றின்மேல் இருக்க, இது வெறும் தரையில் நிற்கிறது. மலையின் காவல் இல்லாததால் அகழியையும் 37 கொத்தளங்களையும் நம்பினார்கள். இந்தக் கோட்டைக்கு உண்மையான அரண் சுற்றியிருந்த வறட்சிதான் என்பது என் எண்ணம். பெரும்படையோடு வருகிறவன் தன் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்ட வேண்டுமே.

காலை பத்து மணிக்கெல்லாம் போய்விடுங்கள். உள்ளே அனூப் மஹாலில் கொஞ்சம் அதிக நேரம் நில்லுங்கள். சிவப்பும் தங்கமுமாகச் சுவரும் கூரையும் மின்னும். தங்க வேலை செய்தவர்கள் உஸ்தா என்ற கலைஞர் குடும்பங்கள். அந்தக் குடும்பத்துக் கைகள் இன்றும் பிகானேரில் ஒட்டகத் தோலில் அதே வேலையைச் செய்கின்றன. மஹாலுக்குப் பெயர் தந்த அனூப் சிங் ஔரங்கசீப்பின் படையோடு தக்காணத்தில் பல வருடம் போரிட்டவர். போர் நடந்த ஊர்களிலிருந்து அவர் சேர்த்துக் கொண்டுவந்தவற்றில் சமஸ்கிருதச் சுவடிகளே முக்கியமானவை. அவை பிகானேரின் அனூப் சமஸ்கிருத நூலகத்தில் இருக்கின்றன. கொள்ளைப் பொருளாகப் பொன்னை அள்ளிய காலத்தில் ஒருவர் சுவடியைத் தேடி எடுத்தார் என்பது எனக்குப் பெரிய செய்தியாகவே படுகிறது.

அடுத்தது பாதல் மஹால். 'பாதல்' என்றால் மேகம். அறை முழுக்க நீல மேகங்கள், கீழே சாய்ந்து விழும் மழைக்கோடுகள், இடையிடையே மின்னல். வருடக்கணக்கில் மழை பொய்த்துப்போகும் நாட்டில், அரண்மனைக் குழந்தைகள் மழை என்றால் என்னவென்று அறியவும், வந்தால் பயப்படாமல் இருக்கவும் வரைந்தது என்று சொல்வார்கள். அந்தக் கதை எவ்வளவு உண்மையோ, அறையில் நின்றால் மழைக்கான ஏக்கம் மட்டும் சந்தேகமில்லாமல் தெரிகிறது. வழிகாட்டிகள் இங்கே இரண்டு நிமிடம்கூட நிற்கவிட மாட்டார்கள். கும்பல் நகரும்வரை ஓரமாக ஒதுங்கி நின்று, அறை காலியானதும் மறுபடி பாருங்கள்.

அந்த ஏக்கத்துக்குப் பதில் தந்தவர் மகாராஜா கங்கா சிங். முதல் உலகப் போருக்கு முடிவு கட்டிய வெர்சாய் ஒப்பந்தத்தில் 1919-ல் கையெழுத்திட்டவர். கோட்டையின் பெரிய தர்பார் மண்டபத்தில் முதல் உலகப் போர்க் காலத்து விமானம் ஒன்று நிற்கிறது; குழந்தைகள் அதைவிட்டு நகர மாட்டார்கள். ஆனால் பிகானேர் மக்கள் அவரை நினைப்பது விமானத்துக்காக இல்லை, 1927-ல் சட்லெஜ் ஆற்று நீரைப் பாலைக்குக் கொண்டுவந்த 'கங்' வாய்க்காலுக்காக. இன்று கோதுமையும் பருத்தியும் விளையும் வடக்குப் பகுதி அவர் பெயராலேயே ஸ்ரீகங்காநகர் ஆகியிருக்கிறது.

கங்கா சிங்கின் லால்கர் அரண்மனை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. செந்நிறக் கல், ஓட்டலும் அருங்காட்சியகமும் நடக்கிறது. நேரம் இருந்தால் போங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். இரண்டாம் நாள் காலையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளி தேஷ்நோக்கில் இருக்கும் கர்ணி மாதா கோயிலுக்குப் போய் வரலாம். ஆயிரக்கணக்கான எலிகள் சுதந்திரமாக ஓடும் கோயில்; செருப்பில்லாமல்தான் உள்ளே போக வேண்டும், எனவே பழைய காலுறை ஒன்றை எடுத்துப் போங்கள். ஊருக்குத் திரும்பியதும் பிகானேரி புஜியா வாங்குங்கள். நரிப்பயற்று மாவில் பிழிவது. கடலை மாவில் செய்த ஓமப்பொடிக்குப் பழகிய நாக்குக்கு அதன் காரமும் மொறுமொறுப்பும் வேறாகத் தெரியும்.

ஆறாம் படி: ஜெய்சால்மர்

பாலை தட்டையாகப் போய்க்கொண்டே இருக்கும். திடீரென்று அடிவானத்தில் மஞ்சளாக ஒரு மேடு தெரியும். கிட்டே போகப் போக மேட்டின்மேல் கொத்தளங்கள் பிரிந்து தெரியும், மொத்தம் 99. ராவல் ஜெய்சல் ('ராவல்' இவ்வூர் அரசர்களின் பட்டம்) 1156-ல் திரிகூட மலைமேல் நிறுவிய கோட்டை. மஞ்சள் மணற்கல், மாலை வெயிலில் தேன் நிறமாகும். அதனால் 'சோனார் கிலா', பொன் கோட்டை. 2013-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ஆறு ராஜஸ்தான் மலைக்கோட்டைகளில் இதுவும் ஒன்று. பாலைக்குள் இருப்பது இது ஒன்றுதான்.

மற்றவற்றிலிருந்து இது மாறுபடுவது, இன்னும் சில ஆயிரம் பேர் உள்ளே குடியிருக்கிறார்கள் என்பதில். வாசலில் கோலிக்குண்டு ஆடும் பிள்ளைகள், மாடியில் காயும் புடவை, சந்தில் படுத்திருக்கும் பசு. இது ஊர். அருங்காட்சியகத்துக்குள் நடப்பதுபோல் நடக்காதீர்கள். திறந்திருக்கும் கதவைப் பார்த்து உள்ளே எட்டிப் படம் எடுக்காதீர்கள்.

தங்கும் இடம் பற்றி இங்கே அழுத்தமாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. கோட்டைக்குள்ளேயே விடுதிகள் உண்டு, ஜரோக்காவில் உட்கார்ந்து சூரிய உதயம் பார்க்கலாம் என்று ஆசை காட்டுவார்கள். அங்கே தங்காதீர்கள், வெளியே தங்குங்கள். ஜெய்சால்மரில் வருடத்துக்குப் பெய்யும் மழை சராசரியாக 20 சென்டிமீட்டர் அளவுதான். சென்னையில் ஏறக்குறைய 140. கோட்டையைக் கட்டியவர்கள் அந்த 20 சென்டிமீட்டர் மழை சுவரடியில் தங்காமல் வெளியேற 'குட் நாலி' என்ற வடிகால் அமைப்பை வைத்திருந்தார்கள். குடிதண்ணீரைப் பெண்கள் கீழேயிருந்து குடத்தில் சுமந்து வந்தார்கள். சுமந்து வந்த தண்ணீரை யாரும் வீணாக்க மாட்டார்கள். பிறகு குழாய் வந்தது, சுற்றுலா வந்தது, ஷவர் வைத்த குளியலறைகள் வந்தன. மலையின் அடியில் இருப்பதோ களிமண் அடுக்குகள் கலந்த இளகிய பாறை. கசிந்த தண்ணீர் அதற்குள் இறங்கி, மதில்கள் சரிந்தன, கொத்தளங்கள் இடிந்தன, ராணியின் அரண்மனையில் ஒரு பகுதி விழுந்து பிறகு எடுத்துக் கட்டினார்கள். 1996-லேயே உலக நினைவுச்சின்ன நிதியம் இதை ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் சேர்த்தது. எட்டு நூற்றாண்டு தாகத்தைத் தாங்கிய கோட்டை, சில பத்தாண்டுகள் தண்ணீரைத் தாங்கவில்லை. கீழே தங்கினால் உங்களுக்குக் கூடுதல் லாபமும் உண்டு: மொட்டை மாடியிலிருந்து முழுக் கோட்டையையும் பார்க்கலாம். உள்ளே இருந்தால் அது தெரியாது.

கோட்டைக்குள் காலையில் போங்கள். நான்கு வாயில்களைத் தாண்டி வளைந்து ஏறும் பாதை, மேலே ராவல்களின் அரண்மனை, அதன் பின்னால் ஜைனக் கோயில்கள். கோயில்களைத் தவற விடாதீர்கள். வெளியூர்ப் பயணிகளை நண்பகல் வரைதான் அனுமதிக்கிறார்கள் என்பதால் முதல் வேலையாக அங்கே போங்கள். தோல் பெல்ட், தோல் பணப்பை எதுவும் கூடாது. அன்று துணிப்பையோடு கிளம்புங்கள்.

மதியத்துக்குமேல் கீழே வந்து பட்வா ஹவேலிகளைப் பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டில் பட்வா வணிகக் குடும்பம் எழுப்பிய ஐந்து மாளிகைகள், ஒரே சந்தில். வணிகர்களின் ஒட்டகக் கூட்டங்கள் சிந்து வழியாக மேற்கே போன காலத்துப் பணம் அது. பம்பாய்த் துறைமுகம் வளர்ந்ததும் அந்த வழி தளர்ந்தது, 1947 பிரிவினை அதை அடியோடு மூடியது. நத்மல் ஹவேலியும் பக்கத்தில்தான். அண்ணன் தம்பி இருவர் ஆளுக்கொரு பாதியைச் செதுக்கியது. முகப்பின் இடது வலது பக்கங்களை ஒப்பிட்டுப் பாருங்கள், ஒன்றுபோல் இருக்கும், ஆனால் ஒன்றாக இருக்காது.

நம் கேள்விக்கு ஜெய்சால்மர் சொல்லும் பதில் கடிசர் ஏரி. 14-ஆம் நூற்றாண்டில் ராவல் கட்ஸி என்ற அரசர் விரிவாக்கியது என்பதால் அந்தப் பெயர். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்த ஊரே அந்த ஒரு ஏரியைக் குடித்து வாழ்ந்தது. அதன் கரையிலிருக்கும் அழகான வாயிலைத் திலோன் என்ற கணிகை கட்டினாள் என்பது கதை. அவள் கட்டிய வாயிலின்கீழ் அரச குடும்பத்துப் பெண்கள் நடப்பதா என்று எதிர்ப்பு வந்ததாம். அவள் அதன் உச்சியில் கிருஷ்ணன் கோயில் ஒன்றை அமைத்துவிட்டாள். இனி யார் இடிப்பார்கள்? விடிகாலையில் போங்கள். படகுக்காரர்கள் வருவதற்கு முன் ஏரியில் கோட்டையின் நிழல் மட்டும் இருக்கும்.

மணல்மேட்டில் ஓர் இரவு தங்க எல்லோரும் சம் என்ற இடத்துக்குப் போகிறார்கள், ஏறக்குறைய 40 கிலோமீட்டர். ஒலிபெருக்கி, ஜீப் இரைச்சல், வரிசையாகக் கூடாரங்கள். அமைதி வேண்டுமென்றால் தெற்கே கூரி என்ற கிராமத்தைக் கேளுங்கள். அறை பதிவு செய்யும்போதே ஒட்டகச் சவாரி வாங்கினால்தான் அறை என்று சில விடுதிகளில் நெருக்குவார்கள். எனக்கும் அது நடந்தது, மறுத்ததும் காலையில் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். சவாரியைத் தனியாக, விலையையும் நேரத்தையும் எழுதி வாங்கிக்கொண்டு ஏற்பாடு செய்யுங்கள்.

வழியில் குல்தாரா வரும். பாலிவால் பிராமணர்கள் ஒரே இரவில் காலி செய்துவிட்டுப் போன ஊர், சாபம் பெற்ற ஊர், பேய் உலவும் ஊர் என்று ஏகப்பட்ட கதைகள். பேய்க் கதையை விட்டுவிட்டு அந்த மக்கள் விவசாயம் செய்த விதத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 'கதீன்' என்று பெயர். பாறைச் சரிவில் ஓடிவரும் மழைநீரை ஒரு நீண்ட மண்கரை போட்டுத் தடுப்பார்கள். நீர் மண்ணில் ஊறி இறங்கியதும் அந்த ஈரத்திலேயே கோதுமை விதைப்பார்கள். 20 சென்டிமீட்டர் மழையில் கோதுமை! கூரையிழந்த வீடுகளைவிட என்னை நிற்க வைத்தது அதுதான்.

ஏழாம் படி: பெட்டி, சாப்பாடு, பணம்

நல்ல பிடிமானமுள்ள காலணி. கோட்டைப் படிகள் நூற்றாண்டுகளாகத் தேய்ந்து வழுக்கும். தொப்பி, உதட்டுக்கு வெண்ணெய் அல்லது களிம்பு, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நான்கைந்து. வியர்வை உடனே காய்ந்துவிடும் என்பதால் உடம்பில் நீர் குறைவது தெரியாது. தாகம் எடுக்கும் முன்பே குடியுங்கள். குப்பியை நிரப்பிக்கொள்ளுங்கள், வழியெல்லாம் பிளாஸ்டிக் வாங்கிப் போடாதீர்கள். அடையாள அட்டை எல்லா விடுதியிலும் கேட்பார்கள். பிகானேரும் ஜெய்சால்மரும் பாகிஸ்தான் எல்லையோர மாவட்டங்கள். கைப்பேசிப் பணம் செல்லும் என்றாலும் மணல்மேட்டுப் பக்கம் போகும்போது சில்லறை நோட்டு வைத்திருங்கள்.

சைவர்களுக்குச் சாப்பாட்டுக் கவலையே இல்லை. பருப்பும் சுட்ட உருண்டை ரொட்டியும் இனிப்புப் பொடியும் சேர்ந்த தால்-பாட்டி-சூர்மா ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும், நெய் அவ்வளவு. கம்பு ரொட்டியும் 'கேர் சாங்ரி'யும் கேட்டு வாங்குங்கள். கேர் ஒரு புதரின் காய். சாங்ரி, கேஜ்ரி மரத்தின் நெற்று. கேஜ்ரி வேறெதுவும் இல்லை, நம் கோயில்களில் நிற்கும் வன்னி மரம்தான். விஜயதசமியில் சுற்றிக் கும்பிடும் மரத்தின் நெற்றை இவர்கள் காயவைத்துச் சமைத்து உயிர் வாழ்ந்திருக்கிறார்கள். சோறு எல்லா உணவகத்திலும் கிடைக்கும், நம் ருசியில் எதிர்பார்க்காதீர்கள்.

ஆட்டோக்காரர் 'இலவசமாக' ஒரு கடைக்கு அழைத்துப் போனால் அங்கே வாங்கும் பொருளின் விலையில் அவர் பங்கும் இருக்கும். கோட்டைக்குள் அடையாள அட்டை அணிந்த வழிகாட்டியையே அமர்த்துங்கள்.

எட்டாம் படி: ஜோத்பூர், மெஹரான்கர்

இங்கே அவசரப்படாதீர்கள். ஒரு முழு நாளைக் கோட்டைக்கு மட்டும் கொடுங்கள்.

1459-ல் ராவ் ஜோதா இந்தப் பாறையைத் தேர்ந்தெடுத்தார். சுற்றுப்புறத்தைவிட 120 மீட்டருக்கு மேல் உயரம். கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் எரிமலை கக்கி உறைந்த பாறை. அதைப் பறவை மலை என்பார்கள். அங்கே சீரியாநாத் என்ற துறவி இருந்தார். அவரை வெளியேற்றியபோது, 'உன் கோட்டையில் தண்ணீர்ப் பஞ்சம் தீராது' என்று சபித்துவிட்டுப் போனாராம். சாபத்தை மாற்ற ராஜியா என்ற மேக்வால் சமூகத்து மனிதரை அஸ்திவாரத்தில் உயிரோடு புதைத்தார்கள். கோட்டையில் அவருக்கு நினைவுக்கல் இருக்கிறது. அதைத் தேடிப்போய் நில்லுங்கள். மதிலின் உயரத்தை எல்லோரும் வியக்கிறார்கள்; அது யார்மேல் நிற்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு வியக்க வேண்டும்.

ஜெய் போல் வழியாக ஏறத் தொடங்கினால் பாதை செங்குத்தாக வளையும். வாயிலுக்கு முன்னால் ஏன் இப்படி ஒரு திருப்பம் என்று பாருங்கள்: யானை ஓடிவந்து கதவில் மோத இடம் தரக்கூடாது. கதவில் யானை நெற்றி உயரத்துக்கு இரும்பு முள். ஒரு வாயிலுக்குப் பக்கத்துச் சுவரில் பீரங்கிக் குண்டு பட்ட குழிகளை வட்டமிட்டுக் காட்டியிருப்பார்கள். ஏற முடியாத பெரியவர்களுக்கு மின்தூக்கி உண்டு, கட்டணம் தனி.

லோஹா போலின் சுவரில் சின்னச் சின்னக் கைகள் பதிந்திருக்கும். சிதையேறப் போன அரச குடும்பத்துப் பெண்களின் கைகள். கடைசியாகப் பதிந்தவை 1843-ல் மகாராஜா மான் சிங் இறந்தபோது அவர் சிதையில் ஏறியவர்களுடையவை. குங்குமமும் வெள்ளித்தாளும் ஒட்டி இன்றும் வழிபடுகிறார்கள். அந்தக் கைகளின் அளவைக் கவனியுங்கள். பல கைகள் சிறுமிகளின் கை அளவுதான். அங்கே நின்று தற்படம் எடுக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வலிக்கும்.

மேலே மோதி மஹால், பூல் மஹால், தக்த் விலாஸ் என்று மாளிகைகள் வரிசையாக வரும். பல்லக்குகளும் யானை அம்பாரிகளும் நேர்த்தியாக வைத்திருக்கிறார்கள். நாட்டில் நான் பார்த்த கோட்டை அருங்காட்சியகங்களில் இதுதான் முதலிடம். வாயிலோரங்களில் லங்கா, மாங்கணியார் சமூகத்து இசைக்கலைஞர்கள் உட்கார்ந்து பாடுவார்கள். அவர்கள் பல்லிடுக்கில் வைத்து மீட்டும் 'மோர்சங்' நம் கச்சேரி மேடையில் ஒலிக்கும் மோர்சிங்கேதான். நின்று கேளுங்கள், கேட்டு முடித்ததும் பணம் வையுங்கள். கோட்டைக் கோடியில் சாமுண்டா தேவி கோயில். 2008 நவராத்திரி முதல் நாளில் இங்கே நடந்த நெரிசலில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நவராத்திரி நாட்களில் கோயில் பக்கம் போக வேண்டாம்.

பூல் மஹாலைக் கட்டியவர் மகாராஜா அபய் சிங். அவர் பெயரோடு இன்னொரு நிகழ்ச்சியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1730-ல் புது அரண்மனைக்குச் சுண்ணாம்பு சுட விறகு தேவைப்பட்டது. ஆட்கள் ஜோத்பூருக்கு அருகே கேஜர்லி கிராமத்தில் வன்னி மரங்களை வெட்டப் போனார்கள். மரத்தையும் விலங்கையும் காப்பதைச் சமயக் கடமையாகக் கொண்ட பிஷ்னோய் மக்கள் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அம்ருதா தேவி என்ற பெண் முதல் 363 பேர் வெட்டுப்பட்டு இறந்தபிறகே வெட்டு நின்றது. ஒரு மணி நேரப் பயணத்துக்குள் போய்ப் பார்க்கலாம். நினைவிடம் எளிமையானது, சுற்றிலும் வன்னி மரங்கள். கேர் சாங்ரி சாப்பிட்ட அடுத்த நாள் அங்கே போனது எனக்கு மறக்கவில்லை.

அதே அபய் சிங்கின் ராணி 1740-களில் ஊருக்குள் வெட்டியது தூர்ஜி கா ஜால்ரா. குப்பையும் கழிவும் மூடிக் கிடந்து, அண்மைக் காலத்தில் தூர்வாரி மீட்ட படிக்கிணறு. செந்நிற மணற்கல்லில் முக்கோணம் முக்கோணமாக இறங்கும் படிகள். மணிக்கூண்டிலிருந்து நடந்தே போகலாம்.

உமைத் பவன் அரண்மனையைப் பற்றிச் சுருக்கமாக: 1920-களின் பஞ்சத்தில் வேலையில்லாமல் தவித்த மக்களுக்குக் கூலி கொடுப்பதற்காக 1929-ல் தொடங்கி 1943-ல் முடித்த கட்டடம். 347 அறைகள். இப்போது பெரும்பகுதி ஓட்டலும் அரச குடும்பத்தின் வீடுமாக இருக்க, அருங்காட்சியகம் மட்டும் நமக்குத் திறந்திருக்கும். அரை மணி நேரம் போதும்.

மிச்சமிருக்கும் நேரத்தைக் கோட்டையின் அடிவாரத்தில் இருக்கும் ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்காவுக்குக் கொடுங்கள். 72 ஹெக்டேர். 2006 வரை அந்தப் பாறை முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. நம் ஊர்க் கண்மாய்களை விழுங்கிய அதே மரம். இங்கே அதன் பெயர் 'பாவ்லியா', பைத்தியம். பாறைக்குள் வேர்விட்டதால் மேலே வெட்ட வெட்டத் துளிர்த்தது. கடைசியில் கல்லுடைக்கும் தொழிலாளர்களை அழைத்து, பாறையைத் தட்டி ஓசை கேட்டே வேர் போன வழியைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றாகக் கெல்லி எடுத்து, அந்தக் குழிகளில் பாலைக்கே உரிய செடிகளை நட்டார்கள். ராமநாதபுரத்துக்காரர்களும் சிவகங்கைக்காரர்களும் அங்கே ஒரு மணி நேரமாவது நடக்க வேண்டும்.

பூங்காவின் பாதை பாறையைக் குடைந்து வெட்டிய பழைய கால்வாய் ஒன்றின் வழியாகப் போகும். குன்றில் விழும் ஒவ்வொரு துளி மழையையும் கோட்டையடி நீர்நிலைகளுக்குத் திருப்ப வெட்டிய வழி அது. அதில் நடந்துவிட்டு, மாலையில் கோட்டைச் சுவரோரம் வந்து கீழே பாருங்கள். ராணிசர் தெரியும். ராவ் ஜோதாவின் ராணி வெட்டிய குளம், கோட்டை வயதே அதற்கும். துறவியின் சாபத்துக்கு அவள் தந்த பதில். நான் நின்ற அன்று வெயில் இறங்கியிருந்தது. பருந்துகள் மதிலைச் சுற்றி வட்டமிட்டன, குளத்தில் பச்சையாகத் தண்ணீர் நின்றது.